சின்ன அலுவலகத்தில் நெட்வொர்க் கண்காணிப்பு: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

இருபது முப்பது கம்ப்யூட்டர், மூலையில் ஒரு டேலி சர்வர், பத்துப் பன்னிரண்டு கேமரா, கைரேகை வைக்கும் வருகைப் பதிவு மிஷின், ஊழியர்களின் போன் அத்தனையும் தொங்கும் ஒரு வைஃபை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் சரி, கோவையில் பம்பு தயாரிப்பவரிடம் போனாலும் சரி, கிட்டத்தட்ட இதே அமைப்புதான். இவர்கள் சர்வரையும் நெட்வொர்க் டிராஃபிக்கையும் கண்காணிக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் விற்க வருகிறவர் காட்டுகிற பெரிய திரையும், உலக வரைபடத்தில் பாய்ந்துகொண்டிருக்கும் சிவப்புக் கோடுகளும் வேண்டாம். வாரத்துக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள், அவர் பார்க்க ஐந்தாறு விஷயம், இது போதும் தொடங்க. பார்க்க ஆள் இல்லையென்றால் எத்தனை லட்சத்துக்குக் கருவி வாங்கி வைத்தாலும் கரண்டு பில்தான் ஏறும்.

முதலில் யாருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு லேப்டாப், மெயில் கூகுளிலோ மைக்ரோசாஃப்ட்டிலோ, கணக்கு ஆன்லைன் மென்பொருளில், அலுவலகத்தில் சர்வரே இல்லை என்றால் நெட்வொர்க் டிராஃபிக்கைப் பார்த்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எல்லாக் கணக்குக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு போடுங்கள், ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மெயில் கணக்கில் புதிய லாகின் வந்தால் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். உங்களுக்கு வேலை முடிந்தது. கீழே வருவது சொந்தமாக சர்வர் வைத்திருப்பவர்களுக்கு.

என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

கண்காணிப்பு கருவியிலிருந்து தொடங்குவதில்லை, ஒரு எக்செல் தாளிலிருந்து தொடங்குகிறது. நெட்வொர்க்கில் மாட்டியிருக்கும் ஒவ்வொன்றும் ஒரு வரி: என்ன பொருள், எந்த அறையில், ஐபி முகவரி, மேக் முகவரி (பொருளோடு பிறந்த வன்பொருள் எண்), யார் பொறுப்பு. ரவுட்டருக்குள் நுழைந்தால் டிஹெச்சிபி பட்டியல் என்று ஒன்று இருக்கும்; எந்தெந்தப் பொருளுக்கு ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது என்பது அதில் தெரியும். கையால் முகவரி போட்டு வைத்த சர்வரும் பிரிண்டரும் அதில் வராது. அவற்றுக்கு ஆங்க்ரி ஐபி ஸ்கேனர் போன்ற ஒரு இலவச ஸ்கேனரை ஓட்டினால் மொத்தமும் கிடைத்துவிடும்.

முதல் முறை இந்தப் பட்டியலைப் போடும்போது எல்லா அலுவலகத்திலும் இரண்டு மூன்று வரி யாருக்கும் தெரியாததாக நிற்கும். பெரும்பாலும் பயப்படும்படி எதுவும் இருக்காது. எப்போதோ வாங்கி மறந்துபோன வைஃபை ரிப்பீட்டர், ரிசப்ஷன் டிவி, வேலையை விட்டுப் போனவரின் பழைய போன் என்று இருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துப் பெயர் எழுதிவிடுங்கள். அடுத்த மாதம் புதிதாக ஒன்று முளைத்தால் அதைக் கண்டுபிடிக்க இந்தத் தாள்தான் உதவும்.

வாசலைச் சாத்திவிட்டுக் காவல் போடுங்கள்

கண்காணிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற படி இது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள். போர்ட் என்பது ஒரு பொருளுக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்; போர்ட் ஃபார்வர்டிங் அதை வெளியுலகுக்குத் திறந்துவிடும். கேமரா மாட்ட வந்தவர் முதலாளி போனில் படம் தெரிய வேண்டும் என்பதற்காக டிவிஆருக்கு (கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) ஒரு போர்ட்டைத் திறந்து வைத்திருப்பார். டேலியை வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று சர்வரின் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப்பை, நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து விட்டிருப்பார்கள். ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) ஆள் மாறிக்கொண்டே இருப்பார். திறந்த போர்ட் அப்படியே இருக்கும். யூபிஎன்பி என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் பொருள்கள் யாரையும் கேட்காமல் தாங்களே போர்ட்டைத் திறந்துகொள்ளும். அதை அணைத்துவிடுங்கள்.

டிவிஆர் தானே என்று விட்டுவிட வேண்டாம். 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பல மணி நேரம் தடுமாறின. தாக்கியது மிராய் என்ற நிரல். அதன் படை முழுக்க இப்படிப்பட்ட கேமராக்களும் டிவிஆர்களும் ரவுட்டர்களும்தான். கம்பெனியில் போட்டுக் கொடுத்த பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் சுமார் 60 அதன் பட்டியலில் இருந்தன. அதை வைத்தே லட்சக்கணக்கான பொருள்களுக்குள் புகுந்தது.

சில பிராட்பேண்ட் இணைப்புகளில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டாலும் வேலை செய்யாது. இணையம் தரும் நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும். அந்த அளவுக்கு நல்லதுதான். ஆனால் நிலையான ஐபி வாங்கியவர்களுக்கு அந்தத் திரை கிடையாது. ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி முறை) இயங்கும் இணைப்பில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிப் பொது முகவரி கிடைப்பதால், ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கும் அரண்) இயங்குகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

சோதிக்க எளிய வழி: அலுவலக வைஃபையை விட்டு வெளியே வந்து, போன் டேட்டாவில் இருந்துகொண்டு உங்கள் பொது முகவரியை ஒரு போர்ட் ஸ்கேனரில் போட்டுப் பாருங்கள். திறந்திருப்பது எதுவும் உங்களுக்குத் தெரியாததாக இருக்கக் கூடாது. வீட்டிலிருந்து டேலி கட்டாயம் வேண்டும் என்றால் விபிஎன் (இணையத்தின் வழியே பூட்டிய தனிப் பாதை) போட்டு அதற்குள்ளே வரச் சொல்லுங்கள்.

கடிகாரம்

சின்ன வேலை, ஆனால் இதை விட்டால் பின்னால் எல்லாம் குழம்பும். டிவிஆர் பத்து நிமிடம் முன்னால் ஓடும், வருகைப் பதிவு மிஷின் ஏழு நிமிடம் பின்னால் ஓடும், ஃபயர்வால் கிரீன்விச் நேரத்தில் எழுதும். இரவு 2 மணிக்கு நடந்த ஒன்று ஃபயர்வால் லாகில் (நடந்ததை வரிசையாக எழுதும் பதிவு) முந்தைய நாள் 20:30 என்று பதிவாகியிருக்கும். அந்த ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்து, தப்பான ஷிஃப்ட் ஆளைக் கூப்பிட்டு விசாரித்த கதைகள் உண்டு. சர்வர், ஃபயர்வால், டிவிஆர், எல்லாவற்றையும் தேசிய தகவலியல் மையமோ தேசிய இயற்பியல் ஆய்வகமோ நடத்தும் நேர சர்வரோடு இணைத்துவிடுங்கள். செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினி அவசர உதவிக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவும் இதைத்தான் சொல்கிறது. அந்த உத்தரவில் நமக்கு வேண்டிய இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சர்வரில் தொடங்குங்கள்

ஹேக்கரைப் பிடிக்க என்று நினைத்துத்தான் எல்லோரும் இதை ஆரம்பிக்கிறார்கள். ஆனால் முதல் ஆறு மாதத்தில் கண்காணிப்பு உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுப்பது வேறு இடத்தில். டிஸ்க் நிறைந்து டேலி நின்றுபோவது, மூன்று வாரமாக பேக்கப் ஓடாமல் இருப்பது, ரெய்டு அமைப்பில் (பல டிஸ்க்கைச் சேர்த்து வைக்கும் முறை) ஒரு டிஸ்க் செத்து மற்றொன்றில் வண்டி ஓடிக்கொண்டிருப்பது, யுபிஎஸ் பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்காமல் போவது. இவையெல்லாம் சத்தம் போடாமல் நடக்கிறவை.

எனவே முதல் பட்டியல் இது: டிஸ்கில் 15 சதவீதத்துக்குக் கீழே இடம் போனால் தெரிய வேண்டும். நேற்றைய பேக்கப் கோப்பு இருக்கிறதா, அதன் அளவு முந்தைய நாளோடு ஒத்துப்போகிறதா என்று தெரிய வேண்டும் (கோப்பு இருந்து அளவு பூஜ்யமாக இருந்த பேக்கப்களை நிறையவே பார்க்கலாம்). சர்வர், இணையம், பிரிண்டர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டும்.

உயிரோடு இருப்பதைப் பார்க்க அப்டைம் குமா என்ற இலவச மென்பொருள் போதும். மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் போட்டுவிடலாம், டெலிகிராமில் செய்தி அனுப்பும். டிஸ்க், மெமரி, சேவைகள் என்று கொஞ்சம் ஆழமாகப் போக ஜாபிக்ஸ் இருக்கிறது. இலவசம், ஆனால் அமைக்க ஒரு வார இறுதி போய்விடும். பணம் கொடுத்து வாங்குவதென்றால் நம்மூரிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். இன்று ஜோஹோ என்று அறியப்படும் நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் தொழிலே நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள்தான். மேனேஜ்என்ஜின் என்ற பெயரில் இன்றும் விற்கிறார்கள். எதை வாங்கினாலும் ஒன்றுதான் கேள்வி: இதை உங்கள் அலுவலகத்தில் யார் திறந்து பார்ப்பார்?

அடுத்து விண்டோஸ் சர்வரில் நடந்ததையெல்லாம் பதிவிலிருந்து காட்டும் ஈவென்ட் வியூவர். அதில் செக்யூரிட்டி பகுதியைத் திறந்து 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அது தோற்றுப்போன லாகின். காலையில் இரண்டு மூன்று இருந்தால் யாரோ பாஸ்வேர்டை மறந்திருக்கிறார். நிமிடத்துக்கு இருபது என்று ஓடிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு வரியிலும் பயனர் பெயரைப் பாருங்கள்: அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர்1, டெஸ்ட், ஸ்கேனர், பேக்கப், டேலி. உங்கள் அலுவலகத்தில் இல்லாத பெயர்களெல்லாம் வரிசையாக வரும். இது மனிதர் இல்லை, பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு தட்டிப் பார்க்கும் நிரல். அதே வரியில் எந்த ஐபியிலிருந்து வந்தது என்றும் பெரும்பாலும் இருக்கும். லாகின் வகை 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப் என்று பாடப் புத்தகம் சொல்லும். ஆனால் இன்றைய சர்வர்களில் பாஸ்வேர்டு சோதனை இணைப்பு திறப்பதற்கு முன்பே நடப்பதால், தோற்ற முயற்சிகள் 3 என்றே பதிவாகும். 10 இல்லையே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

அந்த ஐபியிலிருந்து 4624, அதாவது வெற்றி பெற்ற லாகின், ஒன்றே ஒன்று இருந்தாலும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று பொருள். 4720 புதிய பயனர் கணக்கு உருவானது. 1102 லாகையே யாரோ அழித்தது. கடைசி இரண்டும் நீங்கள் செய்யாமல் வந்தால் அன்றைக்கு வேறு வேலை பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. செக்யூரிட்டி லாக் கோப்பின் அளவு விண்டோஸில் வழக்கமாக 20 எம்பிதான். மேலே சொன்ன மாதிரி தட்டல் நடந்தால் அது சீக்கிரமே நிரம்பிப் பழைய வரிகள் மேல் எழுதத் தொடங்கிவிடும். அதை 1 ஜிபி ஆக்கி வையுங்கள். இன்றைக்கு டிஸ்குக்குப் பஞ்சமில்லை.

இப்போது டிராஃபிக்

டிராஃபிக்கைப் பார்ப்பது என்றால் ஊழியர்களின் வாட்ஸ்அப்பை முதலாளி படிப்பது என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. இன்றைக்கு ஏறக்குறைய எல்லா இணையப் போக்குவரத்தும் குறியாக்கம் ஆகியிருப்பதால் அது நடக்காது, நமக்குத் தேவையும் இல்லை. நாம் பார்ப்பது டெலிபோன் பில் மாதிரி: யார் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம். பேசியது என்ன என்று பில்லில் இருக்காது. ஆனால் நடுராத்திரி மூன்று மணிக்கு மூன்று மணி நேரம் அறிமுகம் இல்லாத வெளிநாட்டு எண்ணுக்கு அழைப்பு போயிருந்தால் பில்லே காட்டிக் கொடுத்துவிடும்.

எளிய முதல் படி, ரவுட்டரில் ஒவ்வொரு போர்ட்டிலும் (இங்கே கம்பி மாட்டும் துளை) எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது என்ற வரைபடம். மைக்ரோடிக் போன்ற ரவுட்டர்களில் அது உள்ளேயே இருக்கிறது. ஓபிஎன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ் போன்ற இலவச ஃபயர்வால் மென்பொருள் போட்டிருந்தாலும் அப்படியே. இணையக் கம்பெனிக்காரர் கொடுத்த பெட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால் அதில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதற்குப் பின்னால் சொந்தமாக ஒரு ரவுட்டரைப் போடுவதுதான் இந்தக் கட்டுரையில் நான் உங்களைச் செய்யச் சொல்லும் முதல் செலவு. இரண்டாவது செலவு, மேனேஜ்டு சுவிட்ச் ஒன்று. எட்டு போர்ட் உள்ளது சில ஆயிரம் ரூபாய்தான். சாதா சுவிட்ச் எந்தப் போர்ட்டில் என்ன போகிறது என்று வாயைத் திறக்காது.

சுவிட்சிலிருந்து எண்களை வாங்க எஸ்என்எம்பி என்ற நெறிமுறை. இதில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பல பொருள்களில் இதன் கடவுச்சொல் 'பப்ளிக்' என்றே இருக்கும். முடிந்தால் மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் அந்தச் சொல்லையாவது மாற்றுங்கள். இரண்டு, 64 பிட் எண்ணியைத் தேர்ந்தெடுங்கள். பழைய 32 பிட் எண்ணி சுமார் 4.3 ஜிபியைத் தாண்டினால் மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் முழுதாக ஓடினால் ஆறு நிமிடத்துக்குள் ஒரு சுற்று. வரைபடம் பொய் சொல்லும், உங்களுக்குக் காரணம் புரியாது.

முதல் மூன்று நான்கு வாரம் எதையும் முடிவு செய்யாதீர்கள், பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். உங்கள் அலுவலகத்தின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக வேண்டும். காலை பத்து மணிக்கு எல்லோரும் மெயில் திறக்கும்போது ஒரு ஏற்றம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் யூடியூப் மலை, மாதம் 11, 20 தேதிகளில் ஜிஎஸ்டி தாக்கல் நெருக்கம், இரவில் பேக்கப் மேலே போகும் நேரம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இது வேறு. விண்டோஸ் அப்டேட் வரும் இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்த நாள் ஏன் நெட் ஊர்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும்.

பழகிய பிறகு நீங்கள் தேட வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், இரவில் வெளியே போகும் டிராஃபிக். உள்ளே வருவது இல்லை, வெளியே போவது. அலுவலகங்கள் பகலில் டவுன்லோடு செய்யும். பேக்கப்பைத் தவிர இரவில் அப்லோடு செய்ய அவற்றுக்குப் பெரிய காரணம் இருக்காது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிறவர்கள் இப்போதெல்லாம் பூட்டுவதற்கு முன்பு ஒரு பிரதியை வெளியே எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பிரதி இந்தக் கம்பி வழியாகத்தான் போக வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டாகப் பாருங்கள். இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை 10 எம்பிபிஎஸ்ஸில் தட்டையாக ஒரு அப்லோடு கோடு நிற்கிறது. எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 36 ஜிபி. டேலி டேட்டா முழுவதையும் வைத்தாலும் பல அலுவலகங்களில் அவ்வளவு வராது. உடனே அலறாமல் பின்னோக்கிப் போக வேண்டும். ரவுட்டர் வரைபடத்தில் எந்த உள் போர்ட்டில் அதே உயரம் தெரிகிறது? அந்தப் போர்ட்டில் மாட்டியிருக்கும் சுவிட்சில் எந்தப் போர்ட்? சுவிட்சின் மேக் பட்டியலில் அந்தப் போர்ட்டுக்கு எதிரே எந்த முகவரி? அந்த முகவரி நம் எக்செல் தாளில் யார்? இந்த நான்கு கேள்விக்குப் பத்து நிமிடம் போதும். தட்டையான கோடு என்பதே ஒரு தடயம். மனிதர் அனுப்பினால் ஏறி இறங்கும்; கேமரா கிளவுடுக்கு அனுப்பினால் இரவு பகல் பாராமல் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் அனுப்பும் ஐந்து கேமரா இருந்தால் அதுவே 10. அப்படியானால் பகலிலும் அதே 10 மற்ற டிராஃபிக்குக்கு அடியில் ஒளிந்திருக்க வேண்டும். பகலில் இல்லாமல் இரவில் மட்டும் வந்தால் அது கேமரா இல்லை. பேக்கப் அட்டவணையைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கம்பியைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் உட்காருங்கள்.

எங்கே போகிறது என்று தெரிய ஃப்ளோ பதிவு, அதாவது எந்த முகவரி எந்த முகவரியோடு எவ்வளவு பேசியது என்ற குறிப்பு, வேண்டும். சிஸ்கோ 1990-களில் நெட்ஃப்ளோ என்று கொண்டுவந்தது. இன்று பல ரவுட்டர்கள் அதை அனுப்பும், என்டாப் போன்ற மென்பொருள் வாங்கிக் காட்டும். ஒயர்ஷார்க் வைத்து ஒவ்வொரு பாக்கெட்டாகப் பிடிப்பது இதற்கு அடுத்த நிலை. குறிப்பிட்ட சிக்கலைத் துருவ அது அருமையான கருவி. தினசரிக் கண்காணிப்புக்கு அதை வைத்தால் டிஸ்கும் நிறையும், ஆளும் ஓய்ந்துபோவார்.

டிஎன்எஸ் பதிவு ஒரு நல்ல குறுக்குவழி. எந்தக் கம்ப்யூட்டர் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டது என்று பை-ஹோல் போன்ற இலவச மென்பொருள் எழுதி வைக்கும். புரியாத எழுத்துக் குவியலாக இருக்கும் ஒரு பெயரை ஒரே கம்ப்யூட்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தால் அதைப் பிடித்து ஸ்கேன் செய்யுங்கள்.

உள் டிராஃபிக்கையும் கொஞ்சம் பாருங்கள். 2017 மே 12 அன்று கிளம்பிய வானாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் ஒரு கம்ப்யூட்டருக்குள் வந்ததும், பக்கத்திலிருக்கும் எல்லாவற்றின் 445 போர்ட்டையும் (கோப்புப் பகிர்வுக்கான வாசல்) தட்டித்தான் பரவியது. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே கொடுத்திருந்தது. பில்லிங் கவுன்டர் கம்ப்யூட்டர் ஒன்று திடீரென்று அலுவலகத்தின் எல்லாக் கம்ப்யூட்டரோடும் பேச முயன்றால் அதற்கு நல்ல காரணம் எதுவும் இருக்க முடியாது. கேமராக்களையும் விருந்தினர் வைஃபையையும் தனி விலேனில் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) பிரித்துவிட்டால் பார்க்க வேண்டிய பரப்பு பாதியாகக் குறையும்.

லாகை வேறு இடத்தில் வையுங்கள்

1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளரிடம் கணினிக் கணக்கில் 75 சென்ட் இடிப்பதைப் பார்க்கச் சொன்னார்கள். அந்த முக்கால் டாலரைத் துரத்தியதில் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து நுழைந்துகொண்டிருந்த ஒரு ஆள் பிடிபட்டார். ஸ்டோல் செய்த புத்திசாலித்தனமான காரியம், உள்ளே வரும் இணைப்புகளில் பிரிண்டரை மாட்டியது. புகுந்தவர் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. கணினிக்குள் எதை அழித்தாலும் காகிதத்தை அவரால் அழிக்க முடியாது.

இன்றைக்குப் பிரிண்டர் வேண்டாம், சிஸ்லாக் சர்வர் ஒன்று போதும். ரவுட்டர், ஃபயர்வால், சர்வர் எல்லாம் தங்கள் லாகை அந்தத் தனி மிஷினுக்கு அனுப்பட்டும். அதன் பாஸ்வேர்டு சர்வர் பாஸ்வேர்டாக இருக்கக் கூடாது, அலுவலகக் கணக்குகளை ஒன்றாக நிர்வகிக்கும் டொமைனிலும் சேர்க்காதீர்கள். செர்ட்-இன் உத்தரவின் இரண்டாவது விஷயம் இங்கே வருகிறது: லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள், அது முடிந்து காலமாகிறது. எழுத்து லாக் நன்றாகச் சுருங்கும், சின்ன அலுவலகத்துக்கு ஒரு 1 டிபி டிஸ்க் தாராளம்.

எச்சரிக்கை குறைவாக இருக்கட்டும்

2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைத்தொடரில் சுமார் 4 கோடி கார்டு எண்கள் திருடு போயின. குளிர்சாதன வேலை பார்க்கும் ஒரு சின்ன ஒப்பந்த நிறுவனத்தின் லாகின் வழியாகத்தான் புகுந்தார்கள். டார்கெட்டிடம் கண்காணிப்புக் கருவி இருந்தது, அது எச்சரிக்கையும் கொடுத்தது. பெங்களூரில் இருந்த குழு அதைப் பார்த்துத் தலைமையகத்துக்குச் சொன்னதாகவும், அங்கே யாரும் கை வைக்கவில்லை என்றும் பின்னர் செய்தி வெளிவந்தது. அத்தனை பெரிய நிறுவனத்திலேயே அந்த நிலை. நம் அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நாற்பது மெயில் எச்சரிக்கையாக வந்தால் மூன்றாம் நாளே அதற்கு ஒரு ஃபோல்டர் போட்டு ஒதுக்கிவிடுவார்கள்.

அதனால் போனுக்கு வருவது ஐந்தைத் தாண்ட வேண்டாம்: சர்வர் விழுந்தது, டிஸ்க் நிறைகிறது, பேக்கப் ஓடவில்லை, தோற்ற லாகின் அளவு மீறியது, இரவு அப்லோடு வழக்கத்தைவிடப் பல மடங்கு. மற்றதெல்லாம் வாராந்திர அரை மணி நேரத்தில் பார்க்க. யார் பார்ப்பார், அவர் லீவு போட்டால் யார் என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். ஏ.எம்.சி. ஆளிடம் விடுவதென்றால் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கட்டும். பிரிண்டர் பழுது பார்க்க வருகிறவர் தானாகவே லாகையும் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை, அவருக்கு நீங்கள் கொடுக்கும் காசு அதற்கு இல்லை.

ஊழியர்களிடம் சொல்லிவிடுங்கள்

அலுவலக நெட்வொர்க்கில் என்ன பதிவாகிறது, எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலை சார்ந்தும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியர் தரவைக் கையாள இடம் தருகிறது. அதை வைத்துக்கொண்டு யார் எந்தத் தளத்தில் எத்தனை நிமிடம் இருந்தார் என்று பட்டியல் போட்டு மீட்டிங்கில் வாசிப்பவர்களும் உண்டு. அப்படி ஒருமுறை செய்தால் மறுநாளே எல்லோரும் சொந்த டேட்டாவுக்கு மாறி, அலுவலக லேப்டாப்பையும் போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு உங்கள் வரைபடத்தில் பார்க்க எதுவும் இருக்காது. ஊழியர்களின் போனுக்குத் தனி வைஃபை கொடுத்து, அதில் அளவை மட்டும் பாருங்கள்.

இதில் மாட்டாதவை

ஏற்றுமதி செய்பவர்கள் கவனிக்க. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு உங்கள் பெயரில், எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று மெயில் போய்ப் பணம் எங்கோ போய்ச் சேரும் மோசடியை எந்த டிராஃபிக் வரைபடமும் காட்டாது. அதில் திருடன் உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே வருவதில்லை, மெயில் கணக்குக்குள் உட்கார்ந்திருப்பான். மாதம் ஒருமுறை மெயில் அமைப்பில் ஃபார்வர்டு விதிகளைத் திறந்து பாருங்கள். 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்ற சொல் உள்ள மெயிலை வெளி முகவரிக்கு அனுப்பும் விதி ஏதாவது இருந்தால் அவன்தான். கணக்கு எண் மாறியதாக எந்த மெயில் வந்தாலும், பழைய எண்ணில் போன் போட்டுக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். உங்கள் வாடிக்கையாளரிடமும் அதையே சொல்லி வையுங்கள்.

மணி அடித்தால்

சந்தேகப்படும் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கம்பியைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். பவரை ஆஃப் செய்யாதீர்கள், நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும். ஃபார்மேட் அடிக்க வரும் ஆளை நிறுத்துங்கள். பேக்கப் டிஸ்க் மாட்டியிருந்தால் அதைக் கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். திரையைப் போனில் படம் எடுங்கள், ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதுங்கள்: யார் எப்போது பார்த்தார், என்ன செய்தார். வேறு கம்ப்யூட்டரிலிருந்து நிர்வாகி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

பணம் போயிருந்தால் முதல் அழைப்பு சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் உங்கள் வங்கிக்கும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு. நான் தள்ளிவைத்த மூன்றாவது விஷயம் இதுதான்: உத்தரவு பட்டியலிடும் சைபர் சம்பவங்கள் நடந்தால், தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டணமில்லா எண் 1800-11-4949. முழு விவரமும் கையில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தெரிந்ததை முதலில் சொல்லிவிட்டு மீதியைப் பிறகு சேர்க்கலாம். இந்த இரண்டு எண்ணையும் சர்வரில் சேமித்து வைத்தால் சர்வர் பூட்டப்பட்ட அன்று கிடைக்காது. காகிதத்தில் அச்சடித்து ரவுட்டர் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.